இருங்காட்டுக்கோட்டையையும் ஸ்கேன் செய்யுங்கள்

எங்கள் ஆன்லைன் கார் பந்தய லீக்கின் அடுத்த சீசன் அட்டவணை முடிவாகிவிட்டது. மொன்ஸா, ஸ்பா, சுசுகா, இன்டர்லாகோஸ், பாதர்ஸ்ட். இத்தாலி, பெல்ஜியம், ஜப்பான், பிரேசில், ஆஸ்திரேலியா என ஐந்து நாடுகள். தேனி, ஈரோடு, சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என்று பல ஊர்களில் இருக்கும் நாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த டிராக்குகள். ஞாயிறு இரவு சாப்பாட்டை முடித்துவிட்டு, மேஜையில் ஸ்டீயரிங்கை மாட்டி, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நள்ளிரவு நெருங்கும்போதுதான் எழுந்திருப்போம்.

வாக்குச்சீட்டில் ஒரு பெயர் மட்டும் இல்லை: இருங்காட்டுக்கோட்டை. நான் பிரேக் பேட் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். எங்கள் கம்பெனி பஸ் தினமும் அந்த ஊரைத் தாண்டித்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ல் திறந்த பந்தய டிராக் அங்கே இருக்கிறது, நீளம் 3.717 கிலோமீட்டர். பெல்ஜியத்துக் காட்டுக்குள் எந்தப் பலகை வந்ததும் பிரேக் மிதிக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வேலைக்குப் போகும் வழியில் இருக்கும் டிராக்கின் முதல் வளைவில் எங்கே மிதிக்க வேண்டும் என்று கேட்டால் முழிப்பேன். நான் மட்டுமில்லை, எங்கள் லீக்கில் எல்லாருமே முழிப்பார்கள். எங்கள் சிமுலேட்டரில் அது இல்லை. அதை அங்கே கொண்டுவருவது செய்யக்கூடிய காரியம், செய்யவேண்டிய காரியமும்கூட என்பது என் கட்சி.

சிம் ரேசிங் என்றால் போனில் கட்டைவிரலால் ஓட்டும் கார் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரேசிங் என்ற சிமுலேட்டர் 2008-ல் வந்தபோதே, நிஜ டிராக்குகளை லேசர் ஸ்கேனரால் அளந்து கணினிக்குள் கொண்டுவந்தது. ஸ்கேனர் வீசும் ஒளிக்கதிர் தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து, கோடிக்கணக்கான புள்ளிகளில் தரையின் உயரம் பதிவாகிறது. தார் ஒட்டுப்போட்ட இடம், ஓரத்துக் கெர்பின் சரிவு, வளைவில் சாலை உள்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம் எல்லாம் அதில் இருக்கும். அந்த மேடுபள்ளம் ஸ்டீயரிங்கில் உள்ள மோட்டார் வழியாகக் கைக்கு வந்து சேரும். பிரேக் பெடலும் அப்படித்தான். நல்ல பெடல், கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்று பார்க்காது, எத்தனை கிலோ அழுத்தம் கொடுத்தோம் என்று அளக்கும். நிஜ பந்தயக் காரில் கால் வேலை செய்வதும் அழுத்தத்தை வைத்துத்தான்.

நாங்கள் ஓட்டுவது ஜிடி3 கார்கள். போர்ஷே 911, ஃபெராரி 296 மாதிரி ஷோரூமில் விற்கும் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பந்தயத்துக்கென்று மாற்றிய வகை. இனி வரப்போகும் ஐந்து டிராக்குகளைப் பிரேக்காரன் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

முதல் பந்தயம் மொன்ஸா. 1922-ல் கட்டியது, 5.793 கிலோமீட்டர், பழைய அரச பூங்காவின் மரங்களுக்கு நடுவே ஓடுகிறது. நீளநீளமான நேர்ப்பாதைகள், அவற்றின் முடிவில் கடும் பிரேக். நேர்ப்பாதையில் முன்னால் போகிறவரின் வாலைப் பிடித்துக்கொண்டு காற்று எதிர்ப்பில்லாமல் போனால் சாதாரண ஓட்டுநரும் வேகமாகத் தெரிவார். சிக்கல் முதல் சிக்கேனில், அதாவது வேகத்தைக் குறைக்கவென்றே வைத்த இறுக்கமான நெளிவில். ஜிடி3 கார் அங்கே மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் வந்து 80-க்கு இறங்க வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும்போது, காரின் இயக்க ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டிருக்கும். 1,300 கிலோ எடையுள்ள காருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த ஒரே மிதியில் விடும் ஆற்றல் பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதில் பெரும்பகுதி நான்கு பிரேக் டிஸ்க்குகளில் போய் இறங்குகிறது. மறு லேப்பிலும் அதே இடத்தில் அதே வேலை.

முதல் லேப்பில் டயர் சூடாகியிருக்காது, இருபது கார்கள் ஒரே நேரத்தில் அந்தச் சந்துக்குள் நுழையும். எந்த லீக்கிலும் மொன்ஸா என்றால் முதல் சிக்கேனில் குவியல்தான். தேனித் தம்பி இப்போதே வாய்ஸ் சாட்டில் அடிபோடுகிறான்: “அண்ணே, நீங்க பிரேக் கம்பெனி ஆளு, ஏதோ பாத்து நிப்பாட்டுவீங்க. உங்க பின்னாடியே வந்துடுறேன்.” பின்னால் வருகிறவன் எனக்கு முன்பே மிதிக்க வேண்டும் என்பதுதான் மொன்ஸாவின் பாடம். என் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது அவன் காருக்கு அந்த எதிர்ப்பு கிடைக்காது, அதனால் அவன் நிற்க அதிக தூரம் எடுக்கும். புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும் இந்த விஷயம், ஒருமுறை இடித்து முப்பது நொடி தண்டனை வாங்கினால் ஆயுசுக்கும் மறக்காது.

அடுத்தது ஸ்பா. பெல்ஜியத்து ஆர்டென் காட்டுக்குள் 7.004 கிலோமீட்டர். முன்பு கிராமங்களை இணைத்த பொதுச்சாலைகளில் இதைப் போல இரண்டு மடங்கு நீளத்துக்கு ஓடிய டிராக், 1979-ல் சுருக்கப்பட்டது. ஓ ரூஜ் பள்ளத்தில் இறங்கி ராடியோன் மேட்டில் ஏறும் இடத்தை டி.வி. பார்த்தே பலருக்குத் தெரியும். ஆனால் டி.வி. அந்த ஏற்றத்தைத் தட்டையாக்கிவிடுகிறது. சுமார் நாற்பது மீட்டர் உயரத்தை மூச்சுப்பிடித்து ஏறி உச்சிக்கு வரும்போது கார் இலகுவாகி, ஸ்டீயரிங் கையில் எடையில்லாமல் போய்விடும். அந்த ஒரு நொடி கையைத் திருகினால் அவ்வளவுதான். 2019-ல் ஆந்துவான் யூபேர் என்ற இளம் பிரெஞ்சு வீரர் அந்த மேட்டுக்கு அப்பால் நடந்த விபத்தில் இறந்தார். 2022-ல் அங்கே ஓரத்து வெளியை அகலப்படுத்திச் சரளை போட்டார்கள். பழைய ஸ்கேனில் ஓட்டுபவருக்குப் பழைய ராடியோன்தான் கிடைக்கும். ஸ்கேனுக்கும் வயது உண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸ்பாவில் மழை தனி விளையாட்டு ஆடும். டிராக்கின் ஒரு முனை காய்ந்திருக்க, மறு முனையில் கொட்டும். 2021-ல் ஃபார்முலா ஒன் பந்தயமே சேஃப்டி காருக்குப் பின்னால் ஊர்வலம் போய், பாதிப் புள்ளிகளோடு முடிந்தது. எங்கள் லீக்கில் வானிலையைக் கணினியிடமே விட்டுவிடுகிறோம். மழை டயர் மாற்ற எந்த லேப்பில் பிட்டுக்குள் போவது என்று யோசிக்கிறவன் ஜெயிப்பான், வேகமாக ஓட்டுகிறவன் இரண்டாவது வருவான்.

மூன்றாவது சுசுகா. என் ஓட்டு இதற்குத்தான். ஹோண்டா நிறுவனம் தன் வண்டிகளைச் சோதிக்க 1962-ல் கட்டியது, 5.807 கிலோமீட்டர். எட்டு வடிவத்தில், தன்னையே தாண்டிப்போகும் டிராக். முதல் பகுதியில் இடம் வலமாக மாறி மாறி வரும் எஸ் வளைவுகளில் பிரேக்குக்கு வேலை குறைவு. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்திக் கொஞ்சம் மிதித்து, காரின் எடையை முன்னும் பின்னும் நகர்த்தியே திருப்ப வேண்டும். முதல் வளைவில் அரை அடி தவறினால் அது இரண்டாவதில் ஓரடியாகும், நான்காவதில் புல்லில் இருப்போம். பிறகு டெக்னர் என்ற இரட்டை வளைவு. இரண்டாவது டெக்னரில் கெர்பைத் தாண்டினால் சரளை, மன்னிப்பே கிடையாது. வண்டி எப்படித் திரும்புகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் வேறு எங்கும் போக வேண்டாம், இங்கே ஒரு வாரம் ஓட்டினால் போதும். வண்டி செய்கிறவர்களே கட்டிய டிராக் என்பது ஒவ்வொரு வளைவிலும் தெரிகிறது.

சாவ் பாவ்லோ நகரத்து இன்டர்லாகோஸ் வெறும் 4.309 கிலோமீட்டர். வழக்கத்துக்கு மாறாக இடஞ்சுழியாக ஓடுவது. ஆரம்ப நேர்ப்பாதை முடிந்ததும் சரிவில் இறங்கிக்கொண்டே சென்னா எஸ் வளைவுக்குப் பிரேக் மிதிக்க வேண்டும். இறக்கத்தில் எடை முழுக்க முன்சக்கரங்களுக்குப் போய்விடும், பின்பக்கம் காற்றில் ஆடும். பிரேக் அழுத்தத்தை முன்பக்கம் ஒரு சதவீதம் கூட்டிவைப்பது என் வழக்கம். லேப் சின்னது என்பதால், பின்தங்கியவர்களைச் சீக்கிரமே பிடித்துவிடுவோம், அவர்களைத் தாண்டுவதில் கவனம் போகும். கடைசி நேர்ப்பாதைக்கு முந்தைய ஜுன்சாவோ வளைவுதான் முக்கியம். அதிலிருந்து எவ்வளவு சுத்தமாக வெளியே வருகிறோமோ அவ்வளவு வேகம் மேட்டில் ஏறக் கிடைக்கும். 2008-ல் லூயிஸ் ஹாமில்டன் கடைசி லேப்பில் அந்த வளைவில்தான் ஒருவரைத் தாண்டி, ஒரே ஒரு புள்ளியில் உலகப் பட்டத்தை வென்றார். ஃபெலிபே மாஸா தன் சொந்த ஊர் மக்கள் முன்னால் பந்தயத்தை வென்றும் பட்டத்தை இழந்தார்.

கடைசிப் பந்தயம் பாதர்ஸ்ட், மவுன்ட் பனோரமா மலை. 6.213 கிலோமீட்டர், அடிக்கும் உச்சிக்கும் 174 மீட்டர் வித்தியாசம். பந்தயம் இல்லாத நாளில் அது பொதுச்சாலை. ஓரத்தில் வீடுகள், வேக வரம்பு 60 கிலோமீட்டர். கொல்லிமலைப் பாதையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், மேலே போனால் ஸ்கைலைன் என்ற இடத்தில் வானம் மட்டும் தெரியும், அடுத்த கணம் சாலை காலுக்குக் கீழே விழுந்துவிடும். அங்கிருந்து டிப்பர் வளைவுகள் வழியாகச் சறுக்கி இறங்கி, கான்ராட் நேர்ப்பாதைக்கு வந்தால்தான் மூச்சு விடலாம். இங்கே நான் குவாலிஃபையிங்கில் ஒரு நொடியை விட்டுக்கொடுத்துவிட்டுப் பந்தயத்தை முடிக்கப் பார்ப்பேன். பாதர்ஸ்டில் கடைசிவரை ஓடிய கார் தானாகவே மேலே வரும்.

இவற்றில் எந்த ஊருக்கும் நான் போனதில்லை. போவேன் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் இந்த டிராக்குகளில் ஒவ்வொரு மேட்டையும் கை அறிந்து வைத்திருக்கிறது என்றால், யாரோ ஒருவர் அங்கே ஸ்கேனரை எடுத்துக்கொண்டு போனதுதான் காரணம். டிராக் வைத்திருந்தவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்து இருங்காட்டுக்கோட்டைக்கு அப்படி யாரும் வரவில்லை. ரசிகர்கள் ஆர்வத்தில் படங்களைப் பார்த்துத் தாங்களே செய்யும் மாதிரிகளில் வளைவுகள் இருக்கும், தரை இருக்காது. பிரேக் மிதிக்கும் இடத்தில் மேடா பள்ளமா என்று தெரியாத டிராக்கை ஓட்டிப் பழகினால் தப்பான பழக்கம்தான் வரும்.

அப்படி என்ன அவசரம் என்று கேட்கலாம். ஒன்று, பணம். நாராயண் கார்த்திகேயன் 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரரானார், கோயம்புத்தூர்க்காரர். 2010-ல் அடுத்தவராக வந்த கருண் சந்தோக் சென்னைக்காரர். நாட்டின் ஃபார்முலா ஒன் வீரர்கள் இருவருமே தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். இருவருமே மோட்டார் பந்தயம் பழகிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பையன் கார்ட்டிங்கில் ஒரு சீசன் ஓட்ட லட்சங்களில் செலவாகும். மேஜையில் மாட்டும் தொடக்கநிலை ஸ்டீயரிங்கும் பெடலும் முப்பதாயிரம் ரூபாய்க்குள் வந்துவிடும். அதுவும் சிறிய தொகை இல்லைதான், ஆனால் ஒரு பள்ளியோ நூலகமோ மாவட்ட விளையாட்டு அரங்கமோ வாங்கிவைக்க முடிகிற தொகை.

மேஜையிலிருந்து டிராக்குக்குப் போனவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். பிரிட்டனின் ஜான் மார்டன்பரோ 2011-ல் விளையாட்டு வழியாக நடந்த தேர்வில் வென்று நிஜ பந்தய வீரரானார், அவர் கதை சினிமாவாகவும் வந்தது. துருக்கியின் ஜெம் பொலுக்பாஷி இ-ஸ்போர்ட்ஸிலிருந்து 2022-ல் ஃபார்முலா டூ வரை போனார். 2025 செப்டம்பரில் ஜெர்மனியின் நார்ட்ஷ்லைஃபே டிராக்கில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனோடு காரைப் பகிர்ந்து ஓட்டி ஜெயித்த கிறிஸ் லுலம், சிம் ரேசிங்கில் பெயர் எடுத்தவர்தான். உலகத்துக்கெல்லாம் பொதுவான இந்த ஏணியில் நம் பிள்ளைகள் ஏறும்போது கடைசிப் படி மட்டும் இல்லை. சிமுலேட்டரில் தேறிய ஒரு திருநெல்வேலிப் பெண் முதன்முதலாக நிஜக் காரில் உட்காரப்போவது இருங்காட்டுக்கோட்டையிலோ, கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோதான். டிராக்கில் வாடகைக்கு எடுத்த நேரம் ஒவ்வொரு நிமிடமும் காசு. வளைவுகளை வீட்டிலேயே படித்துவிட்டு வந்தால் அந்தக் காசை வேகத்துக்குச் செலவிடலாம், வழி கண்டுபிடிக்கச் செலவிட வேண்டாம்.

இரண்டாவது காரணம், திட்டமிடல். அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு சிகாகோ நகரத் தெருக்களில் பந்தயம் நடத்த யோசித்தபோது, 2021-ல் முதலில் அதை ஐரேசிங்கில் கட்டி, தன் வீரர்களை விட்டு ஓட்டிப்பார்த்தது. நிஜ பந்தயம் 2023-ல் நடந்தது. நாஸ்கார் கோப்பையில் அதற்கு முன் ஓட்டியே இராத நியூசிலாந்து வீரர் ஷேன் வான் கிஸ்பர்கன் அதை வென்றார். அவர் சிம் ரேசிங்கில் ஊறியவர். நம் சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருப்பந்தயம் நடந்ததை எல்லாரும் அறிவோம். மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பரிலிருந்து தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் கடைசியில் நடந்தது. நேப்பியர் பாலத்தையும் அண்ணா சாலையையும் அடைக்கலாமா, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று பெரிய விவாதம் நடந்தது. அந்த டிராக்கைச் சிமுலேட்டரில் மக்கள் முன்னால் வைத்திருந்தால், எந்தத் தெரு அடைபடும், எந்த வளைவில் சுவர் தேவை என்று எல்லாரும் கண்ணால் பார்த்தே பேசியிருப்பார்கள்.

மூன்றாவது, நினைவு. இருங்காட்டுக்கோட்டைக்கு முன்பு சென்னையின் பந்தயம் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தவர்கள் இப்போது தாத்தாக்கள். அங்கே ஓட்டியவர்கள் சொல்வதைக் கேட்கலாம், ஓட்டிப்பார்க்க வழி கிடையாது. நொய்டா பக்கம் உள்ள புத் சர்வதேச டிராக்கின் கதை வேறு. 2011 முதல் 2013 வரை மூன்று ஃபார்முலா ஒன் பந்தயங்கள் நடந்தன, மூன்றையும் செபாஸ்டியன் வெட்டல் வென்றார், வரிப் பிரச்சினையில் அதோடு நின்றுபோனது. ஆனால் அந்த ஆண்டுகளில் வந்த ஃபார்முலா ஒன் கணினி விளையாட்டுகளில் புத் டிராக் இருப்பதால், வெட்டல் ஓட்டிய அந்த வளைவுகளை இன்றைக்கும் ஒரு பையன் ஓட்டிப்பார்க்கலாம். டிராக்குகள் மாறும், மூடப்படும், தார் மாற்றிப் போடுவார்கள். மொன்ஸாவே 2024-ல் புதுத்தரை போட்டுக்கொண்டது. தேதி போட்ட ஒரு ஸ்கேன் இருந்தால் பழையதும் பிழைத்திருக்கும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். “பசங்க ஏற்கெனவே போனே கதின்னு கிடக்குறாங்க, நீங்க வேற ஏத்திவிடுறீங்களே” என்று என் மாமியார் கேட்கிறார். நியாயமான கேள்வி. பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளில் குடும்பங்கள் அழிந்ததை நம் மாநிலம் பார்த்திருக்கிறது. 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடைசெய்துவிட்டு, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரித்தது. அந்தப் பிரிவினை சரி. சிம் ரேசிங்கில் பந்தயத்துக்கு நேரம் குறித்திருக்கும், விதிப்புத்தகம் இருக்கும், இடித்தால் ரீப்ளே பார்த்துத் தண்டிக்கும் நடுவர் இருப்பார். போட்டி முடிந்ததும் எழுந்து போக வேண்டியதுதான்.

சிமுலேட்டர் எல்லாவற்றையும் சொல்லித்தரும் என்றும் நான் சொல்லமாட்டேன். இருங்காட்டுக்கோட்டை மே மாத வெயிலில் காருக்குள் இருக்கும் சூடு, பிரேக் மிதிக்கும்போது கழுத்தை இழுக்கும் பாரம், சுவரைக் கண்டதும் வயிற்றில் வரும் பயம் மேஜையில் கிடைக்காது. இங்கே இடித்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் கார் புதுசாகிவிடும். அதனாலேயே சிலருக்குத் தலைக்கனம் ஏறும். அப்படிப்பட்டவர்களை நிஜ டிராக் முதல் நாளிலேயே திருத்திவிடும்.

நாம் கேட்பது பெரிய மூலதனம் இல்லை. நிலத்தை லேசரால் அளக்கும் கருவிகளை மெட்ரோவுக்கும் நெடுஞ்சாலைக்கும் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். பொறியியல் கல்லூரிகளில் நில அளவையியல் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் கிடைக்காது. டிராக் வைத்திருப்பவர்கள் ஓரிரு நாள் கதவைத் திறக்க வேண்டும். அளவைத் தரவு அவர்கள் சொத்தாகவே இருக்கட்டும். சிமுலேட்டர் நிறுவனங்களுக்கு விலைக்குக் கொடுக்கட்டும், மாணவர்களுக்கும் உள்ளூர் லீக்குகளுக்கும் இலவசமாகக் கொடுக்கட்டும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் சென்னைத் தெருப்பந்தயத்துக்குப் பணம் ஒதுக்கியது. அதில் ஒரு சிறு துளியை இதற்கு ஒதுக்கலாம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் கோயம்புத்தூர்க்காரர்களும் அண்ணா பல்கலைக்கழகமும் சேர்ந்து உட்கார்ந்தால், இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம், தீவுத்திடல் மூன்றையும் அளந்து முடித்துவிடலாம். இந்தியாவில் கார் செய்யும் மாநிலம் என்று பெருமை பேசுகிறோம்; ஹூண்டாய் ஆலை இருப்பதே இருங்காட்டுக்கோட்டையில்தான். அந்த ஊர் டிராக்கை உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் ஓட்டிப்பார்க்கும்படி செய்வது அந்தப் பெருமைக்கு நியாயம் சேர்க்கும். எங்கள் லீக்கின் அடுத்த அட்டவணைக்கு வாக்கெடுப்பு நடக்கும்போது ஆறாவது டிராக்காக அதை வைக்க நாங்கள் தயார். அதை அளந்து கொடுங்கள்.